ஆறு மணிச் சாம்பிராணி

பூங்காவனத்துக்கு மூக்கு நீளம் என்று அவள் நாத்தனார் ருக்மணி சொல்வாள். பார்த்தால் சப்பை மூக்குத்தான். ஆனால் அடுத்த வீட்டில் நேற்று வைத்த மீன் குழம்பை இன்று சுட வைத்தால் அது அவளுக்குத் தெரிந்துவிடும். ஈரம் காயாத துணியை மடித்து வைத்தவர் யார், கை கழுவாமல் சொம்பைத் தொட்டவர் யார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு அவள் பார்த்த வேலைதான் கொடுமை. மலாக்காவில் காஜா பெராங் சடக்கு என்ற பெரிய ரோட்டிலிருந்து பிரிகிற செம்மண் பாதையின் கடைசியில் ஒரு பங்களா. அதன் பின்கட்டில் நாற்பதடி நீளத்தில் ஒரு நீச்சல் குளம். அந்தக் குளத்தைச் சுத்தமாக வைத்திருப்பது அவள் வேலை.

குளம் என்று சொல்லவே அவளுக்குக் கூசும். குளித்தால் தலையில் மொண்டு ஊற்ற வேண்டும். ஊற்றின தண்ணீர் லோங்காங்குச் சாக்கடையில் விழுந்து ஓடிப்போக வேண்டும். ஒருத்தர் ஊறின தண்ணீரில் இன்னொருத்தர் போய் ஊறுவது, எச்சில் இலையைத் திருப்பிப் போட்டுச் சோறு வாங்குவது மாதிரி என்பது அவள் கட்சி. அந்த எச்சில் தண்ணீரில் தவளை மிதக்கும், இலை அழுகும், மூலையில் பாசி பிடித்து வழவழவென்று கிடக்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீரை இறைத்துவிட்டு அவள் உள்ளே இறங்குவாள். பிளீச்சிங் பவுடரைத் தூவித் தென்னந்துடைப்பத்தால் அடி தேய்ப்பாள். தேய்த்துவிட்டு வந்து வெளிப் பைப்படியில் எட்டு வாளி ஊற்றிக் குளித்தால்தான் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும்.

அவள் பிறந்தது ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். லயத்து வீடுகளுக்கு நடுவே பாதிச் சுவர்தான். இந்தப் பக்கம் படுத்தால் அந்தப் பக்கத்துக் குறட்டை கேட்கும், சண்டை கேட்கும், கேட்கக் கூடாததும் கேட்கும். வளர்ந்த பெண் புடவை மாற்ற வேண்டுமென்றால் ஆள் காவல் வைக்க வேண்டும். அப்பாசாமியைக் கட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்தபோது, இந்த பங்களாவில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். அப்பாசாமி அவருக்குத் தோட்ட வேலை. முதல் இரண்டு வருஷம் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார்கள். துரை குளம் கட்டின அதே வருஷம் அவர்களுக்கும் ஒரு அறை கிடைத்தது. சிமெண்டுத் தரை, நான்கு பக்கமும் முழுச் சுவர், தகரக் கூரை. எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு. முதல் நாள் அந்தத் தாழ்ப்பாளை அவள் பத்துத் தடவை போட்டுப் போட்டுத் திறந்தாள். அப்பாசாமி சிரித்தான்.

அந்த அறை எதன்மேல் நிற்கிறது என்பதும் அவளுக்கு முதல் நாளே தெரியும். வேலைக்காரர்களுக்கென்று அங்கே பழைய குழிக் கக்கூஸ் ஒன்று இருந்தது. பன்னிரண்டடி ஆழம். பின்கட்டுக்குப் பைப்பு வந்து புதுக் கக்கூஸ் கட்டினதும், துரை அந்தக் குழியை மூடச் சொன்னார். ஒரு வருஷமாவது ஆறப்போட வேண்டும் என்று அப்பாசாமி கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். துரைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நாலு நாளில் மணலும் உடைந்த செங்கல்லும் கொட்டினார்கள். ஐந்தாம் நாள் அதன்மேலேயே அஸ்திவாரம் போட்டு அறையை எழுப்பினார்கள். பூந்தோட்டத்துக்கு ஆகாத இடம், குளத்துக்கு ஆகாத இடம், ஆகவே அது அப்பாசாமிக்கு ஆன இடம்.

முதல் மழைக்கே தரையில் ஒரு கீறல் விட்டது. அதன் வழியாகக் குழி மூச்சு விட ஆரம்பித்தது. அந்த நாற்றத்தைச் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்த நாற்றம்தான். அப்பாசாமி இரண்டு தடவை சிமெண்டு பூசினான். இரண்டு தடவையும் அது வெடித்தது. சாயங்காலம் மண் குளிர்ந்தால் வாடை எழும்பும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். பூங்காவனம் கீறலின்மேல் கோணிச் சாக்கைப் போட்டாள், சாக்கின்மேல் ட்ரங்குப் பெட்டியை வைத்தாள். ஆறு மணி அடித்ததும் சிரட்டைக் கரியில் கைப்பிடி சாம்பிராணி போட்டு மூலை முடுக்கெல்லாம் காட்டினாள். புகை அடங்குவதற்குள் சாப்பிட்டு, புகை வாசனையோடே தூங்கிவிட வேண்டும். ஐம்பத்துமூன்றாம் வருஷம் அப்பாசாமி காய்ச்சலில் போனான். அவன் போன பிறகு ரகசியம் அவள் ஒருத்தியோடு நின்றது. வெளியே சொல்வதற்கு இது என்ன கல்யாணச் சேதியா?

ஐம்பத்தேழாம் வருஷம் துரை பெட்டி கட்டினார். பங்களாவை ராஜரத்தினம் வாங்கினார். தோட்டத்துக் கங்காணியின் மகன். யுத்தத்துக்கு அப்புறம் பழைய லோரிகளை வாங்கி விற்று மேலே வந்தவர். வந்த அன்றே பின்கட்டுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பயப்படாத பூங்காவனம். வெள்ளக்காரன் ராஜ்யம் முடிஞ்சு போச்சு. இனிமே நீயும் நானும் ஒண்ணு" என்றார்.

பூங்காவனம் நம்பினாள். நம்மாள் வந்துவிட்டார், இனி நாலு வார்த்தை தமிழில் பேசலாம் என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் அவர் முதல்முதலாகக் குளத்தில் இறங்கிய அன்றே பாதி போய்விட்டது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். ராஜரத்தினத்துக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் தொப்பி போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிறகு குளத்துத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி வாயில் விட்டு, களகளவென்று கொப்பளித்து, அதே குளத்தில் துப்பினார். பூங்காவனம் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த அன்று வீட்டில் பெரிய விருந்து. மறுநாள் காலையில் அவள் வலைக்குச்சியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். தண்ணீரில் காகிதக் கொடிகள் ஊறிக் கிடந்தன. ஆட்டு எலும்பு, சுருட்டுத் துண்டு, யாரோ வாந்தியெடுத்த பிரியாணி. அடியில் வெள்ளையாக ஏதோ பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வலை போட்டு எடுத்தால் ஒரு பல்செட். பத்து மணிக்கு அதற்கு உரியவர் காரில் வந்தார். "அப்பாடா" என்று வாங்கி, குளத்தில் ஒரு அலசு அலசி, அங்கேயே வாயில் மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்ட வாயால் அவளைப் பார்த்துச் சிரித்தார். அன்று முழுக்க பூங்காவனம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ராஜரத்தினத்தின் மனைவி சிவகாமசுந்தரி அம்மாளுக்குக் குளம் பிடிக்காது, சாமி பிடிக்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பூங்காவனத்தின் அறை நேரே தெரியும். தினம் ஆறு மணிக்கு அங்கிருந்து சாம்பிராணிப் புகை எழுவதை அம்மாள் ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் கூப்பிட்டார்.

"நானும் பாக்குறேன் பூங்காவனம், ஒரு நாள் தவற மாட்டேங்கிறியே. நம்ம பொம்பளைங்கள்ல இவ்ளோ பக்தியா யாரும் இருந்து நான் பாத்ததில்ல. எத்தன வருசமா போடுற?"

"எட்டு வருசமா, அம்மா."

"எட்டு வருசம்!" அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இனிமே எங்க பூஜ அறை விளக்கெல்லாம் நீயே தேச்சு வையி. உன் கை பட்டா நல்லது."

குளம் கழுவுகிறவளைப் பூஜை அறைக்குள் விட்டது அதுதான் முதல் தடவை. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, திரி போட்டு, பூ வைத்துவிட்டுப் பூங்காவனம் மூச்சை ஆழமாக இழுத்தாள். அந்தச் சின்ன அறையில் நல்ல மணம்: சந்தனம், கற்பூரம், மல்லிகை. அவள் மூக்குக்கு அத்தனை வருஷத்தில் கிடைத்த முதல் ஓய்வு அது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், மலக்குழிமேல் படுத்து எழுந்தவளை யார் விளக்கைத் தொட விடுவார்கள்? வாயை மூடிக்கொண்டாள். அது தப்பா என்று கேட்டால், தப்புத்தான் என்று அவளே சொல்வாள்.

நவம்பரில் ஒரு நாள் முன் வராந்தாவில் பெரிய காகிதத்தை விரித்து, நாலு மூலைக்கும் நாலு கோப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு ராஜரத்தினம் உட்கார்ந்திருந்தார். எதிரில் காதர் மைதீன். பண்டார் ஹிலிரில் இரும்புச் சாமான் கடை வைத்துக்கொண்டு கூடவே கட்டட வேலையும் எடுத்துச் செய்கிறவர். அதிகம் பேசாத மனிதர். லண்டனில் படிக்கிற மகன் அடுத்த வருஷம் நாலு சிநேகிதர்களோடு வருகிறானாம். சிரம்பானில் கட்டிக்கொடுத்த மகள் கோகிலாவும் குழந்தையோடு வருவாளாம். அதற்குள் குளத்துப் பக்கத்தை அடையாளம் தெரியாமல் மாற்ற வேண்டுமாம்.

"அடுத்த சம்மருக்குள்ள முடிச்சுடணும், பாய்."

"சம்மர்னா எப்போ, முதலாளி?"

"ஜூலை."

காதர் மைதீன் குறித்துக்கொண்டார். கோப்பை எடுக்க வந்த பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்தது. மலாக்காவில் ஜூலையும் ஒன்றுதான், ஜனவரியும் ஒன்றுதான். வருஷம் முச்சூடும் அதே வெயில், அதே புழுக்கம். தோட்டத்தில் பிறந்த மனுஷனுக்கு எங்கிருந்தோ ஒரு கோடைக்காலம் முளைத்துவிட்டது.

திட்டம் நீண்டுகொண்டே போனது. குளத்தைச் சுற்றி வழுக்காத கல். மரத்துக்கு மரம் கலர் விளக்கு. குடை நட்ட நாற்காலிகள். பாட்டில் வைத்து ஊற்ற ஒரு மேடை. உடுப்பு மாற்ற இரண்டு அறை. கடைசியில், குழந்தைகள் விளையாட முழங்காலளவு ஆழத்தில் ஒரு சின்னக் குளம். அதை மாமரத்தடியில் போடலாம் என்று காதர் மைதீன் பென்சிலால் வட்டம் போட்டார்.

சிவகாமசுந்தரி அம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மாமரத்தடியில கட்டெறும்பு இருக்கு, நெழலு வேற. புள்ளைக்குச் சளி புடிக்கும்" என்றார். பிறகு முகம் மலர்ந்தது. "பூங்காவனம் ரூம் இருக்கிற எடத்துல வைங்க. எட்டு வருசமா தெனம் சாம்பிராணி போட்ட எடம். கோயில் மாதிரி. அந்த மண்ணுல புள்ள வெளாண்டா நோய் நொடி அண்டாது."

பூங்காவனம் எடுத்த கோப்பையைத் திரும்பக் காகிதத்தின் மூலையிலேயே வைத்தாள்.

"நல்ல ஐடியா" என்றார் ராஜரத்தினம். "அந்த ரூமும் பாக்கக் கண்றாவியா இருக்கு. இடிச்சுடலாம். பூங்காவனம், அந்த டேப்போட நுனியப் புடி."

குளத்து விளிம்பில் காதர் மைதீன் நாடாவின் ஒரு முனையோடு நின்றார். மறு முனையைப் பிடித்துக்கொண்டு பூங்காவனம் நடந்தாள். இருபதடி, துணிக்கொடி. இருபத்தைந்தடி, அவள் வாசல்படி. "இன்னும் போ, இன்னும் போ" என்றார் ராஜரத்தினம். அவள் தன் அறைக்குள்ளேயே நுழைந்து, அடுப்பைத் தாண்டி, பின்சுவரில் முதுகு இடிக்க நின்றாள். முப்பத்தேழடி. தன் வீட்டை இடிப்பதற்குத் தானே அளவுநாடா பிடித்தவள் உலகத்தில் வேறு யாராவது உண்டா தெரியவில்லை. காதர் மைதீன் உள்ளே வந்து நாடாவை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"ஒங்களுக்கு எடம் சொல்லிட்டாங்களா, அக்கா?" என்று கேட்டார், தலை நிமிராமல்.

ராஜரத்தினத்திடம் அதற்கும் பதில் இருந்தது. "பம்பு ரூம்ல ஒரு பக்கம் பலக அடிச்சுத் தரச் சொல்றேன். ஒண்டிக்கட்ட தானே, உனக்கு எதுக்கு அவ்ளோ எடம்?"

பம்பு ரூம் என்பது ஆறடிக்கு நாலடி. பிளீச்சிங் மூட்டை, மயில்துத்த டப்பா, எண்ணெய் வழிகிற மெஷின். கதவு கிடையாது. உள்ளே ஐந்து நிமிஷம் நின்றால் கண் எரிந்து தண்ணீர் கொட்டும். நீயும் நானும் ஒண்ணு என்று சொன்ன வாய் இதைச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை ருக்மணி வீட்டுக்கு நடந்தாள். அதே காஜா பெராங்கில், சடக்குக்கு அந்தப் பக்கம், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு. அப்பாசாமியின் தங்கைக்கு மனசு தங்கம். வாய் மட்டும் வெற்றிலைக் கிடங்கு. பேசிக்கொண்டே ஜன்னல் வழியாகப் புளிச்சென்று துப்புவாள். பாதி வெளியே போகும், பாதி சுவரில் தங்கிவிடும். சுவரெல்லாம் சிவப்புச் சிவப்பாக இறங்கிக் காய்ந்திருந்தது. இந்தச் சுவருக்காகவே பூங்காவனம் இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்து வருஷக்கணக்காகிறது.

"இங்கயே வந்துரு அண்ணி. இந்த மூலையில படுத்துக்க. எங்கண்ணன் இருந்தா உன்ன விட்டுருவானா?" என்றாள் ருக்மணி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பூங்காவனம் எழுந்துவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது அவள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். குழியைப் பற்றிச் சொன்னால் அறை தப்பும். ஆனால் விளக்குப் போகும், மரியாதை போகும், எட்டு வருஷம் எதன்மேல் குடும்பம் நடத்தினாள் என்பது சமையலறை வரைக்கும் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் அறை போகும். மலக்குழிமேல் ஒரு குழந்தை துள்ளி விளையாடும். விளையாடினால் விளையாடட்டும், நான் மட்டும் எட்டு வருஷம் படுக்கவில்லையா என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பு வந்தது.

டிசம்பரில் நல்ல நாள் பார்த்தார்கள். முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. கோகிலா சிரம்பானிலிருந்து இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பூங்காவனத்தின் ட்ரங்குப் பெட்டி, பாய், சட்டிப் பானையெல்லாம் மாமரத்தடியில் நனைந்து கிடந்தன. காலியான அறையின் நடுவில் காதர் மைதீனின் ஆள் ஓரடிச் சதுரத்துக்குச் சிமெண்டை உடைத்து, கீழே ஈர மண் தெரியும் அளவுக்குத் தோண்டி வைத்திருந்தான். பூமி பூஜைக்கு மண் வேண்டுமல்லவா!

"சாம்பிராணி தூக்கலாப் போடு பூங்காவனம். இன்னிக்கு உன் கையாலதான் ஆரம்பிக்கணும்" என்றார் அம்மாள்.

பூங்காவனம் போட்டாள். அறை முழுக்கப் புகை. புகைக்கு அடியில் அது இருந்தது. காதர் மைதீன் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பது போல மூடிக்கொண்டு வெளியே போனதை அவள் பார்த்தாள். மற்றவர்களுக்குக் கற்பூரமும் ஊதுவத்தியும் போதுமானதாக இருந்தன. அம்மாள் குழிக்குள் பால் ஊற்றினார், நவதானியம் போட்டார், தேங்காய் உடைத்தார். பால் மண்ணில் இறங்கியது. உள்ளேயிருந்து நாலைந்து குமிழி மேலே வந்து உடைந்தது.

"பாத்தீங்களா, பூமாதேவி ஏத்துக்கிட்டா!" என்றார் அம்மாள்.

பிறகு குனிந்து, அந்த ஈர மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தார். பக்கத்தில் நின்ற குழந்தையின் நெற்றியில் பொட்டாக வைத்தார். விரலில் மிச்சம் ஒட்டியிருந்தது. திருநீற்றை நாக்கில் தடவுகிற பழக்கம்தான், வேறென்ன?

"சாமி மண்ணுடி, கண்ணு. ஆ காட்டு, ஆ..."

குழந்தை வாயைத் திறந்தது. அரிசிப் பல் வரிசையும் சின்ன நாக்கும் தெரிந்தன.

"தொடாதீங்க!" பூங்காவனம் போட்ட சத்தத்தில் கோகிலா துள்ளி விழுந்தாள். "அம்மா, கையை எடுங்க! அது கக்கூஸ் குழி! கீழ பன்னெண்டடிக்குப் பீக்குழி! புள்ளையத் தூக்குங்க!"

அப்புறம் அங்கே நடந்ததை எழுத நல்ல வார்த்தை கிடையாது. கோகிலா குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினாள். அம்மாள் விரலைத் தன்னிடமிருந்து தூரமாக, அது வேறு யாருடைய விரலோ என்பது போல நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ராஜரத்தினம், "பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார். காதர் மைதீன் உள்ளே வந்து தன் ஆளிடமிருந்து கடப்பாரையை வாங்கி அந்தச் சதுரத்தில் இரண்டு முறை ஓங்கிக் குத்தினார். இரண்டாவது குத்தில் கடப்பாரை சட்டென்று பாதி உள்ளே போனது. அவர் அதை உருவினார். அதோடு வந்த நாற்றத்துக்கு முன்னால் சாம்பிராணி எம்மாத்திரம்? அம்மாள் வாசலிலேயே வாந்தி எடுத்தார்.

பூங்காவனம் எல்லாவற்றையும் சொன்னாள். துரை சொன்னது, அப்பாசாமி மூடினது, கீறல், சாக்கு, சாம்பிராணி. சொல்லச் சொல்ல அவர்கள் முகங்களைப் பார்த்தாள். அந்தக் குழியைப் பார்த்தபோது எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருந்தன, அவளைப் பார்த்தபோதும்.

"இந்தக் கையாலயாடி என் வெளக்கத் தொட்ட?" என்றார் சிவகாமசுந்தரி அம்மாள். "எட்டு வருசம்! சீ! இனிமே சமையக்கட்டுப் படிகூட ஏறாத."

குழந்தையை டெட்டால் போட்டு மூன்று தடவை குளிப்பாட்டினார்கள். பூஜை அறையைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மத்தியானத்துக்கு மேல் ராஜரத்தினம் மூக்கில் கைக்குட்டையோடு பின்கட்டுக்கு வந்து காதர் மைதீனிடம் காகிதத்தைக் காட்டினார்.

"சின்னக் குளத்த மாமரத்தடிக்கே மாத்திடுங்க, பாய். இது மனுசன் புழங்குற எடமா? அந்த ஓட்டைய அடைச்சுடுங்க. ரூம் அப்படியே இருக்கட்டும், இடிச்சா இன்னும் நாறும்."

"அப்போ அந்த அக்கா?"

"அவ எப்பவும் போல இங்கயே இருந்துக்கட்டும்." ராஜரத்தினம் காகிதத்தைச் சுருட்டினார். "அவளுக்குப் பழகிப்போச்சு."

இதை அவள் காதுபடத்தான் சொன்னார். காதர் மைதீன் சிமெண்டைக் குழைத்துத் தானே உட்கார்ந்து ஓட்டையை அடைத்தார். அடைத்துவிட்டு, மாமரத்தடியிலிருந்து ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வாசலில் வைத்தார். "மன்னிச்சுக்கங்க, அக்கா" என்றார். அவர் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. அன்று முழுக்க அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

பூங்காவனம் அறைக்குள் நின்றாள். சுவர் தப்பிவிட்டது. கூரை தப்பிவிட்டது. கதவு, தாழ்ப்பாள் எல்லாம் அவளுக்கே. தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். போட்டதும் மூச்சு முட்டியது. எட்டு வருஷம் அவள் அந்த வாடையோடு சண்டை போட்டாள், சாக்குப் போட்டாள், பெட்டி வைத்தாள், புகை போட்டாள். ஒரு நாள்கூட அது அவளுக்குப் பழகவில்லை. பழகிவிட்டது என்று அந்த மனுஷன் எந்த வாயால் சொன்னார்? அந்தக் கொப்பளிக்கிற வாயால்.

மணி ஆறடித்தது. பழக்கத்தில் கை தூபக்காலைத் தேடியது. சிரட்டைக் கரியை ஊதிக்கொண்டிருந்தபோது சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. காலையில் சீ என்ற அதே குரல்.

"பூங்காவனம்! சாம்பிராணியச் சீக்கிரம் போடு. நாத்தம் இங்க வரைக்கும் வருது!"

அவள் ஊதுவதை நிறுத்தினாள். சாம்பிராணி டப்பாவை மூடினாள். கரியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். அது சுர்ரென்று அடங்கியது. இரண்டு புடவை, அப்பாசாமியின் போட்டோ, தூபக்கால், சாம்பிராணி டப்பா. மூட்டை கட்ட அதிக நேரம் ஆகவில்லை. பாயையும் பெட்டியையும் விட்டுவிட்டாள். அவை இனி எந்த வீட்டுக்கும் ஆகாது.

வெளியே போகும் வழி குளத்தின் ஓரமாகத்தான். இரண்டு நாளைக்கு முன் பூஜைக்காக அவள் தேய்த்து நிரப்பிய தண்ணீர், அடி தெரிகிற மாதிரி கிடந்தது. ஒரு மாவிலை விழுந்து மிதந்தது. அவள் வழக்கம்போலக் குனிந்து அதை எடுத்துத் தூரப் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். எட்டு வருஷத்தில் இந்தத் தண்ணீரில் யார் யாரோ துப்பியிருக்கிறார்கள். பூங்காவனம் தரையில்கூடத் துப்பி அறியாதவள். துப்பினால் நாளைக் காலையில் யார் வந்து அள்ளுவது என்றுதான் முதலில் நினைப்பு ஓடியது. அப்புறம்தான், நாளைக் காலையில் தான் இங்கே இல்லை என்பது உறைத்தது.

தொண்டையின் அடியிலிருந்து, எட்டு வருஷத்துக்கும் சேர்த்துக் காறி, குளத்தின் நட்டநடுவில் துப்பினாள்.

ஜன்னலில் இருந்த முகம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பூங்காவனம் அவசரப்படாமல் வெளிப் பைப்படிக்குப் போய் வாயை அலம்பினாள், காலைக் கழுவினாள், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டாள். ருக்மணி வீட்டுச் சுவரைக் கழுவக் குறைந்தது நாலு வாளித் தண்ணீராவது பிடிக்கும். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தால் இன்றைக்கே கழுவிவிடலாம் என்று எட்டி நடந்தாள்.